ஆறு ஓட்டுப் போட்டாச்சு, எண்ணூறு மீட்டர் ரோட்டுக்கு யாரைப் பிடிப்பது?

வல்லம்_76 | ஆகஸ்ட் 17, 2025, இரவு 9.40

வணக்கம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கே டீக்கடையில் வம்பு. ராமநாதபுரத்துக்கும் தொண்டிக்கும் நடுவே ஈசிஆரில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் எங்கள் குடியிருப்பு. மெயின் ரோட்டிலிருந்து கரை வரை எண்ணூறு மீட்டர். அதில் தார் கிடக்கிற இடம் கொஞ்சம், பள்ளம்தான் மிச்சமெல்லாம். கரைப் பக்கத்துக் கடைசி ஆறு கம்பத்திலும் விளக்கு எரிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

போன வாரம் விடியற்காலை நாலு மணிக்கு நண்டு ஏற்ற வந்த லோடு ஆட்டோ இருட்டில் பள்ளம் தெரியாமல் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது. ஆளுக்கு அடி இல்லை, அந்தோணியார் புண்ணியம். ஆனால் மூன்று கூடை நண்டு மண்ணில். நண்டு உயிரோடு கம்பெனிக்குப் போனால் ஒரு விலை, செத்துப் போனால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு ஐஸ் காசுகூட வரவில்லை.

15-ஆம் தேதி கிராம சபையில் எழுதிக் கொடுத்தேன். தலைவர் இல்லை, அலுவலர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்னாலேயே ஒன்றிய அலுவலகம் போயிருந்தேன். "அது ஊராட்சிச் சாலை" என்றார்கள். ஊராட்சி கிளார்க்கைக் கேட்டால் "ஒன்றியச் சாலை" என்கிறார். நெடுஞ்சாலைத் துறையில் "எங்கள் கணக்கில் இல்லை". அங்கேயே இன்னொருவர் "மீன்வளத் துறையைக் கேளுங்க" என்றார். கடைசிப் பகுதி அலையாத்திக் காட்டை ஒட்டி இருப்பதால் வனத்துறையையும் ஒருத்தர் இழுத்துவிட்டார்.

நான் ஒரு ஓட்டும் விட்டவனில்லை. 2019 டிசம்பரில் நாலு சீட்டு: வார்டு மெம்பருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். 2021-இல் எம்எல்ஏவுக்கு ஒன்று. 2024-இல் எம்பிக்கு ஒன்று. ஆக ஆறு பேருக்கு விரலில் மை வைத்திருக்கிறேன். இந்த ஆறு பேரில் என் எண்ணூறு மீட்டருக்குச் சொந்தக்காரர் யார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


துறைமுக_டீ | ஆகஸ்ட் 17, இரவு 10.05

ஆறு பேரும் ஆறு பக்கம் இழுத்தால் ரோடு தானாக நீளும் அண்ணே. எண்ணூறு மீட்டர் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும்.

சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. ஈசிஆரில் நாற்பது பேர் உட்காருங்கள். பத்து நிமிஷத்தில் தாசில்தார் வருவார்.


பழைய_கணக்கு | ஆகஸ்ட் 17, இரவு 11.20

தம்பி, ஒன்றிய அலுவலகத்தில் முப்பது வருஷம் பேனா பிடித்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் ஒரு கசப்பான சேதி. உங்கள் ஆறு ஓட்டில் நாலு காலாவதி ஆகிவிட்டது.

2019 டிசம்பர் 27, 30 என்று இரண்டு கட்டமாக 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, நம் மாவட்டமும் அதில் ஒன்று. ஜெயித்தவர்கள் 2020 ஜனவரி 6 பதவி ஏற்றார்கள். ஐந்து வருஷம் கணக்குப் போட்டால் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்ததால் அங்கே இன்னும் தலைவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் இல்லை. அதனால்தான் கிராம சபையில் நீங்கள் பார்த்தது தனி அலுவலரை, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரான பிடிஓவை. இது முதல் தடவையும் இல்லை. 2011-இல் ஜெயித்தவர்கள் காலம் 2016 அக்டோபரில் முடிந்தபோது அடுத்த தேர்தல் கோர்ட்டில் நின்று போய், 2020 ஜனவரி வரை மூன்று வருஷத்துக்கு மேல் இதே கதைதான். அரசியல் சட்டம் 243-ஈ, ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது. அது பாட்டுக்கு எழுதிக் கிடக்கிறது.

இதில் பண நஷ்டமும் இருக்கிறது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊராட்சிக்கு மத்திய நிதிக்குழு மானியம் வராது. வீட்டு வரி, தண்ணீர் வரி, மாநில நிதிக்குழு மானியம், இவற்றை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் சம்பளமும் கரண்டு பில்லும் கட்டினால் கையில் என்ன நிற்கும்?

ரோட்டுக்கு வருகிறேன். ஆளைத் தேடாதீர்கள் தம்பி, முதலில் புத்தகத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு பதிவேடு உண்டு. ஊராட்சிச் சாலை வேறு, ஊராட்சி ஒன்றியச் சாலை வேறு, நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலை வேறு. ஒன்றிய அலுவலகத்தில் சாலைப் பதிவேடு இருக்கும், அதில் சாலையின் பெயரும் நீளமும் எழுதியிருக்கும். அப்புறம் விஏஓவிடம் போய், நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே நம்பர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வண்டிப்பாதையா, கடற்கரைப் புறம்போக்கா, காடா என்று அதில் தெரிந்துவிடும். வாயால் சொல்வதை நம்பி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தால் செருப்புத்தான் தேயும்.

இன்னொன்று. பிடிஓ என்று ஒருவர் இல்லை, இரண்டு பேர். வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர். நீங்கள் எந்த அறைக்குப் போனீர்கள்?


வல்லம்_76 | ஆகஸ்ட் 18, காலை 6.15

ஐயா, இரண்டு அறை இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். கதவுக்குப் பக்கத்தில் இருந்த அறைக்குப் போனேன்.


கீழக்கரைத்_தம்பி | ஆகஸ்ட் 18, காலை 8.30

அண்ணே, உங்களுக்குத்தான் ஆறு ஓட்டு. நகராட்சிக்காரன் எனக்கு மூன்றுதான். எம்பி, எம்எல்ஏ, வார்டு கவுன்சிலர். 2022 பிப்ரவரி 19 அன்று வார்டுக்கு ஒரு ஓட்டுப் போட்டோம், 21 கவுன்சிலர்கள் வந்தார்கள், அவர்கள் உள்ளே போய்த் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். 2011-இல் நகராட்சித் தலைவருக்கு நாமே நேராக ஓட்டுப் போட்டோம். இப்போது தலைவரிடம் போய் "உங்களுக்கு நான் ஓட்டுப் போட்டேன்" என்று உரிமையோடு சொல்லக்கூட முடியாது.

ஆனால் எங்களுக்கு இன்னும் கவுன்சிலர் இருக்கிறார், அது உங்களைவிடப் பரவாயில்லை. எங்கள் தெருவில் சாக்கடை அடைத்தால் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவேன். இரண்டு நீல டிக் விழும். மூன்றாம் நாள் ஆள் வரும். குடிதண்ணீர் என்றால் மட்டும் அவரும் என்னைப் போலவே கையை விரிக்கிறார். காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிறது, அது குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. நடுவில் எங்கேயாவது குழாய் உடைந்தால் எங்கள் கவுன்சிலரும் எங்களோடு குடத்தை எடுத்துக்கொண்டு நிற்பார்.


பாசிக்காரி | ஆகஸ்ட் 18, மதியம் 1.10

நான் பாம்பன் பக்கம். படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது. ஒரே தீவில் ராமேஸ்வரம் நகராட்சி, பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சி, மண்டபம் ஒன்றியம். பஸ்ஸில் அரை மணி நேரம் போவதற்குள் அரசாங்கமே மாறிவிடுகிறது.

எங்கள் அம்மா காலத்திலிருந்து தீவுப் பக்கம் போய்க் கடல்பாசி எடுக்கிறோம். மரிக்கொழுந்து, கட்டக்கோரை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21, 1986-இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே காலை வைத்தால் வனத்துறை பிடிக்கும். எங்கள் பிழைப்பை முடிவு பண்ணுகிற ஆள் ரேஞ்சர்தான். அவருக்கு நாங்கள் ஓட்டுப் போட்டதில்லை, அவர் எங்களிடம் ஓட்டுக் கேட்டதும் இல்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் பாசி பற்றிச் சொன்னால், "அது மத்திய சட்டம்மா" என்பார் ஒருவர், "மாநில வனத்துறைதானே" என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான் என்று பிறகு ஒரு வக்கீலம்மா சொன்னார். சட்டம் டெல்லியில் போட்டது, காவல் நிற்பது மாநில வனத்துறை.

எண்ணூறு மீட்டர் அண்ணனுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வார்டு மெம்பர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் அவர் பேச்சையே எடுக்கவில்லை.


வல்லம்_76 | ஆகஸ்ட் 18, மாலை 5.45

அக்கா, தெரியும். என் சித்தப்பா மகள்தான். அதனால்தான் எழுதவில்லை. ஐந்து வருஷத்தில் கூட்டத்துக்கு இரண்டு தடவைதான் கூப்பிட்டார்கள் என்கிறது. மற்ற நேரமெல்லாம் நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பும்.

தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியது. ஆனால் போன் பண்ணினால் எடுப்பது அந்த அம்மாவின் வீட்டுக்காரர். "தலைவர் பேசுறேன்" என்பார். அந்த அம்மாவின் குரலை நான் பதவி ஏற்பு அன்று கேட்டது.


துறைமுக_டீ | ஆகஸ்ட் 18, மாலை 6.20

எங்கள் ஊரிலும் அதே. 2016 சட்டத்திருத்தத்தில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது.


பாசிக்காரி | ஆகஸ்ட் 18, இரவு 7.00

எல்லா ஊரையும் ஒரே மாதிரி சொல்லாதீர்கள் தம்பி. எங்கள் பக்கம் ஒரு மெம்பரம்மா தண்ணி லாரிக்கு முன்னால் நின்று, முறை வைத்து ஊற்றச் சொன்னது. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். போன் எடுக்க ஆளில்லாததால் அதுவே எடுத்தது, பிறகு பழகிவிட்டது.


சாயல்குடி_வாத்தியார் | ஆகஸ்ட் 19, காலை 7.50

இழை நன்றாகப் போகிறது. நான் எம்எல்ஏ, எம்பி பக்கத்தைப் பேசுகிறேன், அங்கேதான் நம் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள்.

நம் கடற்கரை ஒரே கரை, ஆனால் சட்டமன்றத்துக்கு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. தொண்டிப் பக்கம் திருவாடானை. மண்டபம், ராமேஸ்வரம் எல்லாம் ராமநாதபுரம். எங்கள் சாயல்குடி, மூக்கையூர், நரிப்பையூர் முதுகுளத்தூர். முன்பு எங்களுக்குக் கடலாடி என்று தனித் தொகுதியே இருந்தது, 2008 மறுசீரமைப்பில் போய்விட்டது. மூன்று தொகுதியிலும் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களின் ஓட்டுத்தான் அதிகம். கண்மாய், வைகைத் தண்ணீர், நெல், மிளகாய் பற்றிப் பேசுகிறவர்களுக்கு நடுவே வலை பற்றிப் பேச ஒருவர் வேண்டும் என்றால் கை எண்ணிக்கை பற்றாது. எம்பி தொகுதி இன்னும் விசாலம். வடக்கே புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கி, மேற்கே விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி, நம் மாவட்டத்து நாலு, ஆக ஆறு சட்டமன்றத் தொகுதி.

இவர்கள் கையில் இருக்கிற நிதி: எம்எல்ஏவுக்கு வருஷம் 3 கோடி, எம்பிக்கு 5 கோடி. எம்பி நிதியை ஆறாகப் பிரித்தால் ஒரு தொகுதிக்கு எண்பத்து மூன்று லட்சம் சொச்சம். அதையும் அவர்கள் நேராகச் செலவு பண்ண முடியாது, வேலையைப் பரிந்துரைப்பார்கள், கலெக்டர்தான் அனுமதி கொடுப்பார். பள்ளம் மூடுவது மாதிரி வேலைக்கு எம்பி நிதியை நம்ப வேண்டாம், அது பொதுவாக நிலைத்து நிற்கிற சொத்துக்கு. வகுப்பறை, நிழற்குடை, சமுதாயக் கூடம் மாதிரி.

2024 தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? ஏணிச் சின்னத்தில் நவாஸ்கனி ஜெயித்தார், பலாப்பழத்தில் ஓ. பன்னீர்செல்வம் இரண்டாவது வந்தார், அதே பெயரில் இன்னும் சிலர் சுயேச்சையாக நின்றார்கள். என் வகுப்புப் பிள்ளைகள்கூட எந்தப் பன்னீர்செல்வத்துக்கு என்ன சின்னம் என்று ஒப்பித்தார்கள். அதே பிள்ளைகளிடம் ஒன்றியக் கவுன்சிலர் யார் என்றேன். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும் கை தூக்கியது, அது கவுன்சிலர் வீட்டுப் பிள்ளை.


தொண்டி_டூ_துபாய் | ஆகஸ்ட் 19, பகல் 11.30

வாத்தியார் ஐயா, கைது விஷயத்தை விட்டுவிட்டீர்களே. நம் கரையில் எம்பியைத் தேடுவதே அதற்குத்தானே. இலங்கை நேவி படகைப் பிடித்தால் ஆள் கலெக்டரிடம் போகிறார், எம்எல்ஏவிடம் போகிறார், ரயிலை மறிக்கிறார். முதலமைச்சர் கடிதம் எழுதுகிறார். யாரிடம்தான் சாவி இருக்கிறது?


சாயல்குடி_வாத்தியார் | ஆகஸ்ட் 19, மதியம் 2.40

சாவி டெல்லியில். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் பாருங்கள். மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது. ஆனால் ஆட்சிக்கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் 57-ஆவது. ஆட்சிக்கடல் என்பது கரையிலிருந்து 12 கடல் மைல். அதற்குள் படகுப் பதிவு, தடைக்காலம், மானிய டீசல் எல்லாம் மாநிலம். எல்லைக் கோடு, வெளிநாட்டுக் காவல், தூதரகம் எல்லாம் மத்திய அரசு. 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்கள் இந்தியா, இலங்கை என்ற இரண்டு நாட்டு அரசுகளுக்கு இடையே நடந்தவை. நம் பாக் நீரிணை எவ்வளவு குறுகல் என்று உங்களுக்கே தெரியும், அங்கே பொதுக்கடல் என்று ஒன்றே கிடையாது. நம்முடையது முடிகிற இடத்தில் அவர்களுடையது தொடங்கிவிடும்.

அதனால் கைதுக்கு எம்எல்ஏ வீட்டு வாசலில் உட்காருவது கோபத்துக்கு வடிகால், அவ்வளவுதான். எம்பி நாடாளுமன்றத்தில் கேள்வி போடலாம், வெளியுறவு அமைச்சரைப் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்கால நிவாரணம் தாமதமானால் எம்எல்ஏவைப் பிடிக்க வேண்டும். 2023-இல் மண்டபம் மீனவர் மாநாட்டில் அதை 5,000-லிருந்து 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார், அது முழுக்க மாநிலக் கணக்கு. இதற்கு எம்பியிடம் சண்டை போட்டுப் பயனில்லை.


துறைமுக_டீ | ஆகஸ்ட் 19, மாலை 4.00

ஐயா சொல்வது பாடப்புத்தகத்தில் சரி. நிஜத்தில் எம்எல்ஏ வாசலில் உட்கார்ந்தால் எம்எல்ஏ அமைச்சருக்குப் போன் போடுவார், அமைச்சர் கோட்டைக்குச் சொல்வார், மறுநாள் பேப்பரில் வரும், டெல்லிக்கும் தெரியும். சாவி இருக்கிற வீடு தூரம், அதனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். சத்தம் கேட்டால் போதும்.


பழைய_கணக்கு | ஆகஸ்ட் 19, இரவு 9.15

டீத்தம்பி சொல்வதை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். மறியல் நடந்த ஊருக்கு எஸ்டிமேட் சீக்கிரம் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ரோடு ஒன்றியக் கணக்கில் ஏற்கெனவே இருந்தது. புத்தகத்தில் இல்லாத ரோட்டுக்கு மறியல் செய்த ஒரு ஊரில் வழக்குத்தான் மிச்சம். பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள்.

மாவட்டக் கவுன்சிலரை யாரும் பேசவில்லை. மஞ்சள் சீட்டு. நியாயந்தான், மாவட்ட ஊராட்சிக்கு நேரடி வேலை குறைவு. ஆனால் அதன் தலைவர்தான் மாவட்டத் திட்டக் குழுவுக்கும் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். காகிதத்தில் பார்த்தால் தேர்ந்தெடுத்தவர் கலெக்டருக்கு மேல் உட்காருகிற நாற்காலி அது. அதில் உட்கார்ந்தவர் பெயர் இந்த இழையில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே யோசித்தால்தான் வரும்.


கீழக்கரைத்_தம்பி | ஆகஸ்ட் 20, காலை 9.00

ஒன்றியத் தலைவர், மாவட்டத் தலைவர் இரண்டும் மறைமுகத் தேர்தல்தானே. ஜெயித்த கவுன்சிலர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்து நாள் எங்கேயோ வைத்திருந்து, தேர்தல் அன்று காலையில் இறக்கி விடுவார்கள். அந்தப் பத்து நாள் மட்டும் கவுன்சிலர் என்றால் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரியும்.


வல்லம்_76 | ஆகஸ்ட் 20, இரவு 8.50

எல்லாருக்கும் நன்றி. எங்கள் ஊர் நிலைமையை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், இல்லாவிட்டால் புரியாது.

எங்கள் ஊராட்சியில் கரைக் குடியிருப்பு நாலில் ஒரு பங்குதான். மீதி மூன்று குக்கிராமம் மேற்கே, விவசாயம் பார்க்கிற ஆட்கள். தலைவர் எப்போதும் மேற்கேயிருந்துதான் வருவார். குற்றம் சொல்லவில்லை, ஓட்டுக் கணக்கு அப்படி. அவர்களுக்கு ரோடு என்றால் பள்ளிக்கூடத்துக்கும் களத்துக்கும் போகிற ரோடு. கரைக்கு அவர்கள் வருவது ஆடி அமாவாசைக்கும் மீன் வாங்கவும்தான்.

எங்களுக்கு உள்ளே வேறு அரசாங்கம் இருக்கிறது. ஊர்க்கூட்டம், மீனவர் சங்கம், பங்குத்தந்தை. வலை அறுந்தது, படகு மோதியது, கடன் தகராறு எல்லாம் சாயந்திரம் கோயில் முற்றத்தில் முடிந்துவிடும். அங்கே தீர்ப்புச் சொன்னால் மறுபேச்சு இல்லை. எங்கள் ஆட்களுக்கு அதிகாரம் என்றால் அதுதான் தெரியும். அதே ஆட்கள் ஒன்றிய அலுவலகத்துக்குள் நுழைந்தால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நிற்கிறார்கள். நானும்தான்.

15-ஆம் தேதி கிராம சபையில் அறுபது பேர்கூட இல்லை. கையெழுத்து நோட்டு மறுநாள் வீடு வீடாக வந்தது. நான் கையெழுத்துப் போடுமுன் தீர்மானத்தைப் படித்துப் பார்த்தேன். என் ரோடு அதில் இல்லை. "சேர்த்துக்கலாம்ணே, போடுங்க" என்றார்கள். போடவில்லை.


சாயல்குடி_வாத்தியார் | ஆகஸ்ட் 20, இரவு 10.10

போடாததுதான் சரி. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும், அதற்கு மேல் 10,000 வரை 200. அறுபது பேரை வைத்துக்கொண்டு நடத்திவிட்டு வீட்டில் கையெழுத்து வாங்கினால் அது சபையே இல்லை. வருஷத்துக்கு ஆறு சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்ததற்குக் கரையிலிருந்து ஐம்பது பேரைக் கூட்டிப்போங்கள். நாலில் ஒரு பங்காக இருந்தாலும் வருகிற கூட்டத்தில் நீங்கள் பாதி. ஓட்டுப்பெட்டியில் தோற்கிற கணக்கு அங்கே ஜெயிக்கும்.


பாசிக்காரி | ஆகஸ்ட் 21, காலை 6.40

ஐம்பது பேரில் பொம்பளை ஆட்களையும் கூட்டிப்போங்க அண்ணே. அந்த இருட்டு ரோட்டில் தலைச்சுமையாக மீன் கூடை கொண்டுபோய் பஸ் ஏறுவது அவர்கள்தான். பள்ளம் எங்கெங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு மனப்பாடம்.


தொண்டி_டூ_துபாய் | ஆகஸ்ட் 21, பகல் 12.20

என்னை மாதிரி ஆளுக்கு ஒரு வழியும் இல்லையா? வெளிநாட்டில் இருப்பவர் 6ஏ படிவம் கொடுத்துப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், 2010 சட்டத்திருத்தத்திலிருந்து இருக்கிறது. சேர்த்தேன். ஆனால் ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். டிக்கெட் காசில் எங்கள் தெருவுக்கு நாலு கம்பம் நடலாம்.

நட்டோம் என்பதுதான் உண்மை. நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து சோலார் விளக்கு போட்டுக் கொடுத்தோம். திறப்பு விழாவுக்குப் பேனர் வைத்ததைப் போட்டோவில் பார்த்தேன். பேனரில் எங்கள் ஒருவர் முகமும் இல்லை. விளக்கு மட்டும் எங்களுடையது.


கீழக்கரைத்_தம்பி | ஆகஸ்ட் 21, பகல் 12.45

துபாய் அண்ணே, பேட்டரி செத்ததும் உங்கள் முகம் ஞாபகம் வரும். எங்கள் தெருவில் அப்படித்தான் வந்தது.


பழைய_கணக்கு | ஆகஸ்ட் 21, இரவு 9.30

விளக்கு என்றதும் நினைவு வந்தது. வல்லம் தம்பி, உங்கள் ஆறு கம்பத்துக்குப் பெரிய மனு எதுவும் வேண்டாம். கம்பம் மின்வாரியத்துடையது, பல்பும் கரண்டு பில்லும் ஊராட்சியுடையது. கம்பத்தில் கரண்டு வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் தொட்டி ஆபரேட்டரைப் பிடியுங்கள். ரோட்டு மனுவோடு விளக்கை ஒட்டாதீர்கள், ஒட்டினால் இரண்டும் ஒரே கோப்பில் தூங்கும்.

ரோட்டுக்குப் பதிவேட்டைக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், 30 நாள். "இந்தச் சாலை எந்தப் பதிவேட்டில் எத்தனை மீட்டர் நீளத்துக்கு உள்ளது, நகல் தருக" என்று ஒரே கேள்வி. "ஏன் போடவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் மழுப்பலாக எழுதி அனுப்புவார்கள், நகல் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.


வல்லம்_76 | ஆகஸ்ட் 30, இரவு 8.15

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஒரு வாரம் கடல் நன்றாக இருந்தது.

விஏஓவிடம் போனேன், வார்டு மெம்பராக இருந்த தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு. அது பத்தாவது படித்தது, சர்வே நம்பரை என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தது. 'அ' பதிவேட்டில் ரோட்டின் பெரும்பகுதி வண்டிப்பாதை. கரையை ஒட்டிய கடைசித் துண்டு கடற்கரைப் புறம்போக்கு. வனத்துறை எங்குமே இல்லை, காட்டின் எல்லை அதற்கும் வடக்கே நிற்கிறது. அங்கிருந்து நேராக ஒன்றிய அலுவலகம், இந்த முறை சரியான அறை. சாலைப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். முதலில் "நாளைக்கு வாங்க" என்றார்கள். தங்கச்சி அசையவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டது. அரை மணியில் புத்தகம் வந்தது.

ஒன்றியச் சாலை, 600 மீட்டர். கிளார்க் சொன்னதுதான் சரி, ஒன்றியத்தில் சொன்னது தப்பு. அடுத்த எஸ்டிமேட்டில் வைப்பதாக மனுவில் எழுதி ரசீது கொடுத்திருக்கிறார்கள். எம்எல்ஏ அலுவலகத்திலும் அந்தப் பக்கத்தின் நகலோடு ஒரு மனு கொடுத்தேன். "நீளம், சர்வே நம்பர் எல்லாம் நீங்களே எழுதி வந்துட்டீங்களே" என்று அங்கிருந்தவர் ஆச்சரியப்பட்டார்.

விளக்கு: தொட்டி ஆபரேட்டர் ஒரே சாயந்திரத்தில் நாலு பல்பு மாற்றிவிட்டார். மீதி இரண்டு கம்பத்தில் கரண்டே வரவில்லை, அதை மின்வாரியத்தில் சொல்லியிருக்கிறது.


துறைமுக_டீ | ஆகஸ்ட் 30, இரவு 8.40

600 ஒன்றியம். மீதி 200 யாருடையது?


வல்லம்_76 | ஆகஸ்ட் 30, இரவு 9.00

யார் புத்தகத்திலும் இல்லை தம்பி. ஆட்டோ சாய்ந்ததும் அங்கேதான். அக்டோபரில் மழை இறங்குவதற்குள் ஊர்க்கூட்டத்தில் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டுக் கிராவல் கொட்டுவதாகப் பேசியிருக்கிறோம்.


தொண்டி_டூ_துபாய் | ஆகஸ்ட் 30, இரவு 9.25

பத்து வீட்டுப் பங்கு நான் தருகிறேன் அண்ணே. பேனர் வேண்டாம்.


பழைய_கணக்கு | ஆகஸ்ட் 30, இரவு 10.50

கொட்டுவதற்கு முன்னால் அந்த 200 மீட்டரை ஊராட்சிச் சாலைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தனி அலுவலருக்கு ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். இப்போது இருக்கிற பள்ளத்தைப் போட்டோ எடுத்து அதோடு இணையுங்கள். கொட்டிய பிறகு போனால் "ரோடு நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அக்டோபர் 2 சபையில் தீர்மானமாகவும் வர வேண்டும்.


வல்லம்_76 | ஆகஸ்ட் 31, காலை 5.30

சரி ஐயா. நாளைக்குத் திங்கள், கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். அங்கே ஒன்று, பிடிஓவுக்கு ஒன்று. தங்கச்சியை எழுதச் சொல்லியிருக்கிறேன், கையெழுத்து அதனுடையது நன்றாக இருக்கும். போட்டோ இன்றைக்கு வெளிச்சம் வந்ததும் எடுக்கிறேன்.